பெயர்ச்சி

மூன்றாம் சன்னல் என்னுடையது.
பிறப்பு, இறப்பு, கல்யாணம், முறிவு
நான்கும் ஒரே இழுப்பறையில் கிடக்கும்.
கல்யாணப் படிவம் காவி மையில்
முறிவுப் படிவம் பச்சை மையில்.
மடிக்காமல் கொண்டுவாருங்கள் என்று
எல்லோரிடமும் சொல்வேன்.
மடித்துத்தான் கொண்டுவருவார்கள்.

காவியில் ஒரு கட்டம் உண்டு.
கணவன் குடும்பப்பெயரா, மனைவி குடும்பப்பெயரா,
ஒன்றில் மட்டும் குறியிடுக.
சட்டம் யார் பக்கமும் சாயவில்லை.
பேனாதான் சாய்கிறது.
பத்தொன்பது வருடத்தில்
அந்த இடத்தில் கை நின்ற பெண்ணை
நான் அதிகம் பார்த்ததில்லை.
ஒருத்தி மட்டும் நிமிர்ந்து
இதற்குத் தனிக் கட்டணமா என்றாள்.
இல்லையம்மா, இலவசம் என்றேன்.

பிப்ரவரியில், நீகாட்டா முழுக்கப்
பனி வாரிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
இருவர் வந்தார்கள்.
அவள் விலாங்கு மீன்களை ஆராய்கிறவள்.
அவன் பல்செட்டுச் செய்கிறவன்.
பச்சையும் காவியும் ஒன்றாக நீட்டினார்கள்.
எது தவறி வந்தது என்று கேட்டேன்.
தவறில்லை, முதலில் பச்சை, பிறகு காவி என்றான் அவன்.
மூன்று வருடம் நாங்கள் ஹனெதா
மூன்று வருடம் குருமிசாவா
இப்போது இவள் முறை.

புது முத்திரைக்கட்டை செய்து வைத்திருந்தான்.
அதன் விளிம்பில் மரத்தூள்கூடப் போகவில்லை.
அவன் அம்மா பேசி ஆறு வருடமாம்,
மகனைத் தத்துக் கொடுத்துவிட்டேன் என்று
மீன்கடையில் சொல்லித் திரிகிறாளாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான்,
சிரிப்பு முடிந்த பிறகும்
கொஞ்ச நேரம் வாய் திறந்தபடி இருந்தது.

பச்சையைப் பதிந்து காவிக்கு வர
எனக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.
அந்த நான்கு நிமிடம்
அவர்கள் ஒருவருக்கொருவர் யாருமில்லை.
வெயிலில்லாத பெஞ்சில்
ஓர் அந்நியன் ஓர் அந்நியப் பெண்ணுக்கு
ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான்,
நார் நீக்கி.

என் வீட்டுப் பெயர் இகராஷி.
எழுத்தைப் பிரித்தால் ஐம்பது புயல்.
அவர் பெயர் கொய்கே, சின்னக் குளம்.
ஐம்பது புயலையும் குளத்தில் இறக்கினேன்.
ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.
நல்ல அடக்கம் என்றார்கள் உறவுக்காரர்கள்.
எந்த அர்த்தத்தில் என்று
அன்று நான் கேட்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில்
பள்ளித் தோழி ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பினாள்,
பழைய பெயருக்கு.
அவளுக்கு என்னை அப்படித்தான் தெரியும்.
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
வாசலில் அவர் சொன்னது
தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கேட்டது:
அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை.
வண்டி கிளம்பிப் போயிற்று.

ஈரத்தலையோடு நான் நின்றதைப் பார்த்து
அடடா, நீயல்லவா என்றார்.
நிஜமாகவே மறந்திருந்தார்.
பொய் சொல்லத் தெரியாத மனிதர்.
மறுநாள் கடையில் போய்
அதைவிடப் பெரிய பேரிக்காயாக ஆறு வாங்கி வந்தார்.
இனிப்பாகத்தான் இருந்தன.
அதற்கு மேல் அவரை
என்ன சொல்லிக் குறைப்பது?

இருவரும் போனபின்
பெஞ்சில் ஆரஞ்சுத் தோல் கிடந்தது,
அறுபடாமல், ஒரே சுருளாக.
குப்பைக்கூடை பக்கத்திலேயே இருந்தது.
நான் அதை வெப்பக்கருவி மேல் வைத்தேன்.
மாலைவரை அலுவலகம் மணத்தது.

ஐந்தேகாலுக்குச் சன்னல் மூடும் நேரம்
இழுப்பறையிலிருந்து
ஒரு பச்சை எடுத்தேன், ஒரு காவி எடுத்தேன்.
பிரிந்துபோக இல்லை.
அவரிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.
பேரிக்காயிலிருந்து தொடங்கலாமா?
குளத்திலிருந்தா?

கைப்பை சின்னது.
படிவம் உள்ளே போகவில்லை.
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு
மடித்தேன்.