பின் அச்சு

குவோபியோவுக்கு வெளியே, பிப்ரவரி.
கராஜுக்குள் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறது.

விவாகரத்தில் சவுனா அவனுக்கு,
இந்தச் சதுரமூக்கு வோல்வோ ஹில்காவுக்கு.
டர்போ பிறகுதான் வந்தது.

தொழிற்சாலை கொடுத்த அச்சு
பால் வாங்கப் போய்வரும் குடும்பத்துக்குப் போதும்.
உறைந்த ஏரிமேல், ஆணி டயரில்,
நானூறு குதிரைகள் இழுத்தபோது
வார்ப்பிரும்புக் கூட்டில் செருகியிருந்த குழாய்
ஒரு நூல் திரும்பிவிட்டது.

"வேறே வாங்கேன்" என்றான் பெயிண்ட் கடை ஒஸ்மோ.

அவள் வார்ப்பைச் சூடாக்கினாள்,
நீர்த்துளி துள்ளி ஓடும் அளவுக்கு.
நிக்கல் கம்பி. இந்தப் பக்கம் ஒரு விரற்கடை,
அந்தப் பக்கம் ஒரு விரற்கடை,
நடுவில் காத்திருத்தல்.
அவசரப்பட்டால் குழாய் வில்லாகிவிடும்.
வயிற்றுக்கடியில் முக்கோணமாய் ஒரு விட்டம்.

பிறகு மொத்தத்தையும் அடுப்புச் சாம்பலில் புதைத்து
ஆற விட்டாள்.
வார்ப்பு விரிசல் விட்டால்
டிக் என்று ஒரே ஒரு சத்தம்.
விடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து
அது கேட்காததைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, ஏரியில்,
அச்சு அசையவில்லை.
கியர்பாக்ஸ் உடைந்தது.

பனியில் சிரித்துக்கொண்டே இறங்கினாள் ஹில்கா:
முறிவு
ஒன்றரை மீட்டர் முன்னால் நகர்ந்திருக்கிறது.