கற்பனை இல்லாதவர்

பதினோரு ஆண்டுகளாக
ஒருவரோடு வேலை பார்க்கிறேன்.
அவருக்குப் பெயர் இல்லை.
‘துறை அறிந்தவர்’ என்கிறது சட்டம்.

அச்சான தாள் அத்தனையும் அவருக்குப் பாடம்,
ஃபின்லாந்தின் பால் கறக்கும் எந்திரக் கையேட்டில்
நாற்பத்தோராம் பக்க அடிக்குறிப்பு உட்பட.
எதையும் மறப்பதில்லை.
எதையும் புதிதாய் யோசிப்பதுமில்லை.
கற்பனைப் பொறி ஒன்றுகூட
அவருக்குள் விழக் கூடாது,
அதுதான் நிபந்தனை.

வருகிற விண்ணப்பத்தை அவர்முன் விரித்து
நான் கேட்க வேண்டியது ஒன்றே:
இது உமக்கே தோன்றியிருக்குமா?
தோன்றியிருக்கும் என்று அவர் தலையசைத்தால்
காப்புரிமை இல்லை.

காட்டினோவில் எங்கள் அலுவலகத்துக்கு,
நீர்ச்சுழிக்கு அஞ்சிப் படகைத் தோளில் தூக்கி
கரையோடு நடந்தார்களே, அந்த நடையின் பெயர்.
துறை என்றால் எங்கள் மொழியில்
ஆற்றில் இறங்கும் இடமும்தான் என்றேன்
பக்கத்து மேசை மிரேயிடம்.
“அப்போது உன் ஆள் ஒருமுறையாவது
நனைந்திருக்க வேண்டுமே?”

நனைந்ததில்லை.
பிப்ரவரியில் ஆறே கெட்டி.

அந்த மாதம்தான் வந்தது,
மனிடோபாவின் டாஃபினிலிருந்து,
ஒரெஸ்ட் டானிலுக் என்பவரின் கோப்பு.
முகவர் இல்லை. பென்சில் வரைபடம்.
இரண்டாம் படத்தின் ஓரத்தில்
காப்பிக் கோப்பையின் அரை வட்டம்.
தானியக் களஞ்சியக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்:
மைனஸ் முப்பத்தெட்டிலும் உறையாது,
கையுறை கழற்றாமல்
முழங்கையாலேயே தள்ளித் திறக்கலாம்.
விளக்கவுரையின் நடுவே, கேட்காமலே, ஒரு வரி:
‘மனைவிக்கு இரண்டு விரல் போன பிறகு செய்தது.’

தேடினேன்.
அறுபத்து மூன்றில் ஒரு குளிர்பெட்டிக் கைப்பிடி.
எண்பத்தெட்டில் குதிரை வண்டிக் கொக்கி.
அதையும் இதையும் சேர்த்தால்
உள்ளங்கை நெல்லிக்கனி
என்றார் துறை அறிந்தவர்.
அவருக்கு உள்ளங்கை கிடையாது.
போவதற்கு விரலும் கிடையாது.

அறிக்கை எழுதினேன். கண்கூடு, பத்தி நான்கு.
பதிலுக்கு நான்கு மாத அவகாசம்.

அதே வாரம் டொராண்டோ நிறுவனம் ஒன்றின் கோப்பு,
உரிமைக்கோரல் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஒரே ராத்திரியில் எந்திரம் துப்பிய
கீல்கள், கொக்கிகள், பூட்டுகள்.
கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில்
பொத்தானை அழுத்தியவர் பெயர்.

மூன்றாம் மாடியில் கூட்டம் போட்டார்கள்.
காய்ந்த சாண்ட்விச், மூடாத ஜன்னல்.
இனி நம் துறை அறிந்தவர் கையிலும்
அந்த எந்திரத்தைக் கொடுப்பதா என்பது கேள்வி.
கொடுத்தால், என்றாள் மிரேய்,
விடிவதற்குள் அவருக்கு எல்லாமே தோன்றிவிடும்.
பிறகு எதைத்தான் புதிது என்போம்?
கொடுக்காவிட்டால், என்றார் மேலாளர்,
ஊரில் எல்லார் கையிலும் இருப்பது
இவர் ஒருவர் கையில் மட்டும் இல்லை என்றாகும்.
‘மேலும் ஆராயப்படும்’ என்று குறித்துக்கொண்டு
கோட்டு மாட்டக் கிளம்பினோம்.

ஜூனில், கெடுவின் கடைசி நாள்,
டானிலுக்கின் பதில் வந்தது. கால் பக்கம்.

‘ஐயா அல்லது அம்மா,
நீங்கள் சொல்லும் குளிர்பெட்டி
எங்கள் வீட்டிலும் இருந்தது.
பக்கத்துப் பண்ணையிலும் இருந்தது.
குதிரை வண்டி இல்லாத ஆள் இங்கே யார்?
அறுபது குளிர்காலம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.
யாரும் செய்யவில்லை.
நானும்தான் செய்யவில்லை, அந்த ஜனவரி வரை.’

இது வாதம் என்று அவருக்குத் தெரியாது.
நெடுநாள் இருந்தும் நிறைவேறாத தேவை:
தீர்ப்புகளில் இதற்கென்றே பத்திகள் உண்டு,
முகவர்கள் மணிக்கு அறுநூறு டாலர் வாங்கி எழுதுவார்கள்.

காகிதத்தை அவர்முன் வைத்தேன்.
வழக்கமாகச் சட்டென்று தலையசைப்பவர்
அன்று பாதி அசைத்தார்.

தாழ்ப்பாளையும் கூடவே அனுப்பியிருந்தாராம்.
விதி இல்லை என்று அஞ்சல் பிரிவு
திருப்பி அனுப்பிவிட்டது.
கோப்பில் ரசீது மட்டும் இருக்கிறது,
எடை நானூற்றிருபது கிராம் என்று.