முக்கால் கோப்பை

செவ்வாய்க்கிழமை கண்ணுக்கு.
வியாழக்கிழமை கைக்கு.
என்னைப் பங்கு பிரித்துக்கொண்டு
தெலுக் பிளாங்காவின் பதினோராம் மாடிக்கு
வந்துபோனார்கள் இருவர்.

கண்ணைச் சர்க்கரை கொண்டுபோயிற்று,
கொஞ்சம் கொஞ்சமாக, வட்டிக்காரன் போல.
இடது கையை வாதம், ஒரே காலையில்.
முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டியவன் நான்.
அங்கே கண்ணும் கையும்
ஒன்றையொன்று அனுமதி கேட்டதே இல்லை.

கண்ணுக்கு வந்தவர் பரிதிவாணன். பேச்சில் ஈப்போ.
"அண்ணே, வெந்நீர் ஊத்தும்போது
கோப்பை விளிம்புல ஒரு விரலை வளைச்சு வைங்க.
தண்ணி தொட்டா நிறுத்திடுங்க.
இனி உங்க விரல்தான் கண்ணு."

கைக்கு வந்தவர் ஹுய் மின்.
அவருடைய மலாயும் என்னுடைய ஆங்கிலமும்
நடுவழியில் சந்தித்துக்கொண்டன.
"இந்தக் கைக்குச் சூடு தெரியாது, அங்கிள்.
அது எங்கே இருக்கிறதென்று
பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.
இனி கைக்குக் கண்தான் காவல்."

இரண்டும் நல்ல புத்தி.
புதன்கிழமை விரலைக் கண்ணாக்கினேன்.
வெள்ளிக்கிழமை கண்ணைக் காவல் வைத்தேன்.
காசில்லாத இரண்டு வங்கிகள்
ஒன்றன் பேரில் ஒன்று எழுதித் தந்த காசோலைகளோடு
அடுப்படியில் நின்றேன்.

அடுத்த வியாழன் என் கையைத் திருப்பிய ஹுய் மின்
பாதி வாக்கியத்தில் நின்றார்.
ஆள்காட்டி விரலில் கொப்புளம்.
திராட்சை அளவு என்று பிறகு சொன்னார்.
எனக்கு எப்படித் தெரியும்?
பார்க்கவும் இல்லை, வலிக்கவும் இல்லை.
என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே
பரிதிவாணனுக்குப் போன் போட்டார்.

மறுவாரம் ஒரே நாளில்
இரண்டு ஜோடிச் செருப்பு வாசலில்.
ஆங்கிலத்தில் சண்டை, ரொம்ப மரியாதையாக.
"அது சரிதான், ஆனால்."
"சரிதான், ஆனால்."
பிறகு பரிதிவாணன் பையிலிருந்து
கண்கட்டுத் துணி எடுத்தார்.
ஹுய் மின் அதைக் கட்டிக்கொண்டு
இடது கையில் என் அடுப்படிக் கையுறையை மாட்டினார்.
பச்சைத் தண்ணீர்தான். ஊற்றினார்.
மேசைக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு என்று
சத்தத்திலேயே பிரித்துச் சொல்லியிருப்பேன்.
அடுத்து பரிதிவாணன்.
அவர் கோப்பையை மட்டும் நனைக்கவில்லை.

சிரித்து முடிந்து, தரை துடைத்து, சற்று நேரம்
யாரிடமும் சொல்ல எதுவும் இல்லை.

"மழை ராத்திரியில் பெட்டியை எப்படி இறக்குவீர்கள், அங்கிள்?"
ஹுய் மின்தான் கேட்டார்.
அதுவரை என் கை என்னவெல்லாம் செய்யாது என்று கேட்டவர்கள்தான்.
சொன்னேன்:
கண்ணாடியில் தண்ணீர் ஓடும், ஒன்றும் தெரியாது.
கீழே நிற்கும் ஜைலானி வாக்கி டாக்கியில் சொல்வான்.
சிக்கிட் லாகி. சிக்கிட் லாகி. சிக்கிட்...
ஸ்டோப்!
காதால்தான் இறக்கினோம், நாற்பது டன்னை.

அதற்குப் பிறகு ஒருவர் தொடங்கியதை
மற்றவர் முடித்தார்.
விளிம்பில் மாட்ட ஒரு சின்னக் கருவி,
தண்ணீர் எட்டினால் கீச்சிடும்.
கோப்பைக்கு அடியில் நழுவாத விரிப்பு,
அதைச் சுற்றி உயர்ந்த ஓரமுள்ள தட்டு.
வலது கை மட்டும் ஊற்றும்.
இடது கை முதுகுக்குப் பின்னால்,
பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பையன் மாதிரி.
கீச்சிடும் இடம் முக்கால் கோப்பை.
கருவிக்கு ஜைலானி என்று பெயர் வைத்தேன்.

இந்த முக்கால் கோப்பையை
யாருடைய படிவத்தில் ஏற்றுவது என்பது மட்டும்
இன்னும் தீரவில்லையாம்.
கண்ணுக்கு ஓர் அலுவலகம், கைக்கு ஓர் அலுவலகம்,
தேநீருக்குக் கட்டம் இல்லை.

இன்று மூன்று பேருக்கும் நான்தான் போட்டேன்.
முதல் கோப்பை, கீச்.
இரண்டாவது, கீச்.
மூன்றாவதில் ஜைலானியை மாட்ட மறந்துபோனேன்.
தட்டில் வழிந்து நின்றது தேநீர்.
இரண்டு நாற்காலிகளும் அசையவில்லை.
துணி எங்கே இருக்கிறதென்று
எனக்குத் தெரியும்.