வஞ்சிரு

டன்லப் தெரு விடுதியில் பன்னிரண்டு கட்டில் அறை.
எனக்கு ஏழாம் எண், மேல்தட்டு.
கரூரிலிருந்து கொண்டுவந்த சார்ஜரின் உருண்டைக் கால்கள்
சுவரின் சதுரத் துளைகளில் நுழையவில்லை.
தூங்குகிறவர்கள் நடுவே, இருட்டில்,
மூன்று முறை முட்டிப் பார்த்தேன்.
கீழ்த்தட்டிலிருந்து ஒரு கை மேலே வந்தது,
தட்டைக் கால் சார்ஜர் ஒன்றை ஏந்தியபடி.
"நைரோபிச் சுவரும் இதே சுவர்தான்" என்றது ஒரு குரல்.
முகம் தெரியுமுன் பெயர் கேட்டேன்.
வஞ்சிரு.
சிரித்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன் என்பதை
மறுநாள் தேக்கா சந்தையில்தான் காட்ட முடிந்தது:
பனிக்கட்டிமேல் பளபளவென்று
நீண்டு கிடந்தது வஞ்சிரம்.
அவள் அதன் பக்கத்தில் கன்னம் வைத்துப்
படம் எடுக்கச் சொன்னாள்.
"நான் கிலோ என்ன விலை?"
மீன்காரர் சொன்னதைக் கேட்டு
"ரொம்பக் குறைவு" என்று கோபித்துக்கொண்டாள்.

நோதார் வந்து சேர்ந்தது அன்று மதியம்.
துவைக்கும் எந்திரத்துக்கு அவனிடம் ஒரு வெள்ளி குறைந்தது.
கொடுத்தேன். இன்னும் வரவில்லை அது.
ஜார்ஜியாவில் ஏதோ மலையூர்.
சிராங்கூன் சாலை நெடுக என்னை நிறுத்தி நிறுத்திப்
பலகைகளைப் படிக்கச் சொன்னான்.
நகை அடகு. உதிரிப்பூ. ஊருக்குப் பணம் அனுப்ப.
"எங்கள் எழுத்துக்கும் இப்படித்தான் தொப்பை" என்று
மருந்துக்கடை ரசீதின் பின்னால்
என் பெயரை எழுதிக் கொடுத்தான்.
நான் அதில் என்னைத் தேடிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை. ஐந்தடிப் பாதை முழுக்க நம் ஆட்கள்.
ஒதுங்கிய இடத்தில் ஒருவர் கேட்டார்:
"அக்காவுக்கு எந்த ஊரு?"
"கரூர். நீங்க?"
"அறந்தாங்கிப் பக்கம். இவங்க யாரு?"
"கூட்டாளிங்க."
"எத்தனை வருசப் பழக்கம்?"
கணக்குப் போட்டேன்.
வஞ்சிரு, நாற்பது மணி நேரம்.
நோதார், ஒரு கூடைத் துணி காயும் நேரம்.
"ரொம்ப நாளா" என்றேன்.
"நல்லது" என்றார். எங்கே தங்கல் என்று கேட்டார்.
சொன்னேன், பன்னிரண்டு கட்டில் என்பது உட்பட.
"எங்க ரூம்லயும் பன்னெண்டுதான். ஒன்பது வருசமா."
மழை விடும்வரை
வேறொன்றும் பேச வரவில்லை எனக்கு.

அன்றிரவு ஈஸ்ட் கோஸ்ட்டில்
நோதார் முதன்முறையாகக் கடலில் கால் வைத்தான்.
நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளைப் பார்த்து
"எதிரே இருப்பது எந்த ஊர்?" என்றான்.
ஊர் இல்லை, காத்திருக்கிறவை என்றேன்.
கொய்யாத் துண்டுகள், ஒரு பொட்டலம் புளிப்பு உப்பு.
ஒரே பொட்டலத்தில் மூன்று பேர் விரல்.
வங்கி வேலையை விட்டுவிட்டேன்,
வீட்டில் பயிற்சி என்று சொல்லி வந்திருக்கிறேன் என்பதை
அங்கே, அவர்களிடம், கொய்யா மென்றபடி சொன்னேன்.
யாரும் ஐயோ என்று சொல்லவில்லை.
வஞ்சிரு உப்பை என் பக்கம் நகர்த்தினாள்.
பிறகு அவள் தன்னுடையதைச் சொன்னாள்.
அது இந்தக் கவிதைக்கு உரியதல்ல.

விடிகாலை நான்கு மணிக்குப்
பையின் ஜிப்பை ஒவ்வொரு பல்லாக இழுத்தாள்.
கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன்.
அவளுக்கும் தெரியும்.
என் கால்மாட்டில் ஏதோ வைத்தாள். கதவு மெல்லச் சாத்திற்று.
சார்ஜர்.
உறையில் ஒரு வரி: மணிலாவில் இது நுழையாதாம்.

கரூரிலும் நுழையவில்லை.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
வேலை போன கதையைச் சொல்லி, வசவும் வாங்கி,
வீடு ஒருவழியாக அடங்கிய ஒரு ஞாயிறு,
மீன்கடையிலிருந்து அப்பா போன் செய்தார்.
"நல்ல வஞ்சிரமா வந்திருக்கு, வாங்கவா?"
வேண்டாம்பா என்றேன்,
நெத்திலி போதும்.