நிலைச்சட்டம்

பூட்டு பூட்டியபடியே இருந்தது.
கதவுதான் திறந்து கிடந்தது.

வின்னிபெக், பிப்ரவரி, மைனஸ் இருபத்தெட்டு.
வடக்குப் பேட்டையில் நான் பார்க்கப் போகும் கதவுகளில்
பத்துக்கு ஒன்பது இப்படித்தான்.
பித்தளைத் தாழ் ஓர் அங்குலம் நாக்கை நீட்டிக்கொண்டு
தன் வேலையைச் செய்துவிட்ட மிதப்பில் நிற்கும்.
அதைத் தாங்கவேண்டிய பைன் சட்டம்
விறகாய்ப் பிளந்து தரையில் கிடக்கும்.

எண்பத்தைந்து டாலர் பூட்டு.
அதன் தகட்டைச் சட்டத்தில் பிடித்திருந்தவை
முக்கால் அங்குலத் திருகாணிகள் இரண்டு.
யானையைக் கட்டத் தறியை மணலில் நட்ட கதை.
ஓர் உதை போதும்.

பெர்லிட்டா மக்சினோ இரவுப் பணி முடிந்து வந்தவர்,
சீருடைக்கு மேல் மாட்டிய கனத்த கோட்டைக் கழற்றாமல்
சமையலறையில் நின்றிருந்தார்.
என்னென்ன போயிற்று என்று கேட்டேன்,
காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.
ஒன்றும் போகவில்லை என்றார்.

சட்டத்தைக் கழற்றினேன்.
அதற்கும் சுவருக்குள் நிற்கும் தூணுக்கும் நடுவே
ஒரு விரல் வெற்றிடம், மடித்த செய்தித்தாளால் அடைத்திருந்தது.
வளைந்து கொடுத்தது அந்த இடந்தான்.
இடைவெளியில் கட்டையை இறுக்கிச் செருகி
இரண்டடி எஃகுத் தகடு வைத்து
மூன்றங்குலத் திருகாணிகளைத் தூணைத் தொடும்வரை இறக்கினேன்.
கடைசிச் சுற்றில் மரம் முனகும்.
அந்த முனகல் வராவிட்டால் நான் கூலி வாங்குவதில்லை.

பின்கதவு வெளியே திறப்பது.
கீல்கள் மூன்றும் சந்தில் நிற்கும் எவனுக்கும் எட்டும்படி.
கீல் ஊசியைத் தட்டி எடுத்துவிட்டால்
மறுபக்கம் பூட்டு இருந்தென்ன, இல்லாமல் போனாலென்ன.
ஒவ்வொரு கீலிலும் ஒரு திருகாணியை நீக்கி
தலையில்லா எஃகு முளையொன்றை நட்டேன், எதிரே அதற்கொரு குழி.
கதவு சாத்தியதும் முளை குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.
பிறகு ஊசியை உருவினாலும் கதவு பெயராது.
விரல் விறைத்து மூன்று முறை முளையைப் பனியில் தொலைத்தேன்.

முன்கதவின் மேல் உப்பும் சேறுமாய் ஒரு காலணித் தடம்.
துடைக்கத் துணி எடுத்தேன்.
"பதினொன்றாம் அளவு," என்றார் அவர் என் பின்னாலிருந்து.
"தள்ளுபடியில், நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

துணியை வாளியில் நனைத்தேன். வேறென்ன செய்ய.

அதற்குப் பிறகுதான் பார்வைத் துளையைக் கவனித்தேன்.
ஆறடி ஆளின் கண்ணுக்கு வைத்தது.
அவர் என் தோளுக்கும் எட்டாதவர்.
ஏழு வருடமாய் நாற்காலி போட்டு ஏறித்தான்
யார் தட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்.
கேட்காமலே புதிதாய் ஒன்று துளைத்தேன்.
பழையதை மரக்குச்சியால் அடைத்தேன்,
அடைப்பு ஒரு நிழல் கருப்பாய்த் தெரிகிறது,
பெயின்ட் அடித்தால் சரியாகும்.

உதைத்துக் காட்டுவது என் வழக்கம்.
படியில் நின்று காலைத் தூக்கியபோது
"நகருங்கள், நான்," என்றார்.
செவிலியர் காலணி, வெள்ளை, ரப்பர் அடி.
முதல் உதை கூச்சமாய்.
இரண்டாவதற்கு எதிர்வீட்டுத் திரை விலகியது.
போதும் என்று நான் சொன்ன பிறகும்
ஐந்தோ ஆறோ.
நிலை நின்றது.
மூச்சு வாங்க, வாயிலிருந்து ஆவி பறக்க,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பணத்தோடு ஒரு டப்பா நூடுல்ஸும் தந்தார்.
வேனில் ஏறி இஞ்சினைச் சூடாக்கும்போதுதான்
அளவுநாடா உள்ளேயே கிடப்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய்த் தட்டினேன்.
பதில் இல்லை.
புதுத் துளையில் வெளிச்சம் மறைந்தது, மறைந்தபடியே இருந்தது.
"லுபோமிர்தான், தச்சன்," என்றேன்.

"தெரிகிறது.
படியை விட்டு இறங்கி நில்லுங்கள்."

இறங்கி நின்றேன்.
தாழ் உடனே விலகவில்லை.
கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நான் செய்த கதவு,
கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.