எட்டாவது வாரம்

வெள்ளை முதுகில் யாரோ
கிச்சாப் கொட்டிவிட்ட மாதிரி ஒரு கறை.
அதனால்தான் அந்தப் பெயர்.
இப்போது கறையில் பாதிக்கு மயிரே இல்லை.
கழுத்தில் பொருக்கு, காதோரம் ரத்தக் கோடு.
வயிற்றை நக்கி நக்கி
பிறந்த எலிக்குஞ்சின் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

முதலில் தெள்ளு என்றார்கள்.
சீப்பால் வாரி வெள்ளைக் காகிதத்தில் தட்டினேன்.
ஒன்றும் விழவில்லை.
பிறகு படை என்றார்கள்.
டாக்டர் ஹஸ்லிண்டா விளக்கை அணைத்து
ஊதா வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.
இருட்டில் மின்னியது
என் யூனிஃபார்மின் காலர் மட்டுந்தான்.

"வீட்டுல என்ன சாப்பாடு?"
கோழி என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
சம்பள நாளில் நெஞ்சுக்கறி,
உப்பில்லாமல் அவித்து, ஆறவைத்து,
நார் நாராய்ப் பிய்த்து.
அன்றைக்கு எனக்கு வெறும் ரொட்டி சானாய்.
அவர் சீட்டில் எழுதிய ஒரே சொல்லும் அதுதான்: கோழி.
நாலு வருஷமாக
நான் ஊட்டியதோடுதான்
அதன் தோல் சண்டை போட்டிருக்கிறது.

எட்டு வாரம், ஒரே தீனி, வேறெதுவும் கூடாது.
இரண்டு கிலோ நூற்று அறுபத்தெட்டு ரிங்கிட்.
புரதத்தை உடைத்து உடைத்து
உடம்புக்கே அடையாளம் தெரியாமல் செய்ததாம்.
கிச்சாப் முகர்ந்து பார்த்துவிட்டு
கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது,
மலத்தை மூடுவது போல.

நாலாவது வாரமும் சொறிந்தது.
இரவு ஷிப்ட் முடிந்து பாயான் லெப்பாஸ் பஸ்ஸில் வந்திறங்கி
பதினாலாம் மாடியில் சாவியைத் தேடும்போதே கேட்கும்,
பின்னங்கால் தரையில் மோதும் டக் டக் டக்,
உள்ளே யாரையோ அடைத்து வைத்திருப்பது போல.
தீனி மூட்டையைச் சந்தேகப்பட்டேன். டாக்டரை, மழையை.
தரை துடைக்கும் மருந்தை மாற்றினேன்.

ஒரு விடுமுறை நாளில் தூங்குவது போல் கிடந்தேன்.
நாலரை மணிக்கு எழுந்து சோம்பல் முறித்து
ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து போயே போய்விட்டது.
மூன்று கதவு தள்ளி, சிங்லட்டோடு குந்தியிருந்தார் கூய் அங்கிள்.
சீனப் பத்திரிகையில் அவித்த கோழித்தோல்.
ஹொக்கியனில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.
ஆறு வருஷ அண்டைவீடு,
அவர் குரலை அன்றுதான் கேட்டேன்.

எனக்கு அரை மலாய், அவருக்கும் அரை.
"ஆயாம் தக் போலே, அங்கிள். காத்தால்."
என் முழங்கையைச் சொறிந்து காட்டினேன்.
உள்ளே போய்க் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்.
முதுகைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.
பத்திரிகையைக் கோழியோடு மடித்து எடுத்துக்கொண்டு
கதவைச் சாத்தினார்.

மறுநாள் நாலரைக்கு அந்தக் கதவின் முன்னால்
அது உட்கார்ந்துதான் இருந்தது.
பார்க்கச் சகிக்கவில்லை.
பழைய மைலோ டின்னில் தீனி நிரப்பிக்கொண்டு போய்த் தட்டினேன்.
உள்ளங்கையில் கொட்டி எண்ணினார்: இருபது.
பத்திரிகையை விரித்து
மாஜோங் காய் அடுக்குவது போல்
ஒவ்வொன்றாய் வைத்தார்.
தின்றது, திருட்டுப்பயல், அவரிடம் மட்டும்
முகம் சுளிக்காமல்.

ஏழாவது வாரம் பொருக்கு உதிர்ந்தது.
கறை மறுபடி கறுத்தது, முதலில் புகை மாதிரி.
எட்டாவது வாரம் டாக்டர் சொன்னார்:
"இப்ப திரும்ப ஒரு துண்டு கோழி கொடுத்துப் பாருங்க.
சொறிஞ்சா, உறுதி."

சம்பள நாள். அவித்தேன், ஆறவைத்தேன், பிய்த்தேன்.
தூரத்தில் பாலத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.
முன்னங்கால் இரண்டையும் என் முழங்காலில் ஊன்றி
வாயைப் பார்த்தது, கையைப் பார்த்தது.
அதற்கு என்ன தெரியும்?

துண்டை நானே போட்டுக்கொண்டேன்.
உப்பே இல்லை.
அடுத்த வாரம் டாக்டர் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.
எழுந்துபோய் சோப்புப் போட்டு
இரண்டு தடவை கை கழுவினேன்,
விரலை நக்க வரும்.