இரண்டாவது கயிறு

மரத்தில் எப்போதும் இரண்டு கயிறு.
ஒன்றில் மாலகி ஏறுகிறான்.
மற்றது எனக்கு.
நான் அதில் ஏறாமலிருந்தால்தான்
எல்லோருக்கும் நல்ல நாள்.

லீட்ரிமில் அக்டோபர். கிழட்டு பீச் மரம்
பாதிரியார் வீட்டுக் கூரைமேல் கையை நீட்டி நிற்கிறது.
எறிபை மூன்றாம் வீச்சில் கவையைத் தாண்டியது.
என் எடையில் தொங்கிப் பார்த்தேன்.
பிறகு லாரி ஓட்டும் கோர்மக்கையும் சேர்த்துத் தொங்கவைத்தேன்:
இறங்கும்போது இருவராகத்தானே இறங்குவோம்.

பையை நான் வண்டியில் வைப்பதில்லை.
மரத்தடியில், வாய் திறந்து, என் இடக்கைப் பக்கம்.
கத்தி. ரத்தம் நிறுத்தும் பட்டை.
இரு முனையிலும் கொக்கி வைத்த குட்டைக் கயிறு.
உள்ளங்கையில் பேனாவால் அஞ்சல் குறியீடு,
பதறினால் எனக்குப் பிறந்த ஊரே மறந்துபோகும்.
ஹெலிகாப்டர் இறங்க மாடில்லாத வயல் எது என்றும்
கேட்டு வைத்தாயிற்று. ஒரே ஒரு கழுதை உண்டு.
அது கண்டுகொள்ளாது என்றாள் சொந்தக்காரி.

பதினொரு நாளாய் நானும் மாலகியும் பேசவில்லை.
போன மாதப் பயிற்சியில்
எண்பது கிலோ மணல் பொம்மையைக் கீழே கொண்டுவர
எனக்கு ஒன்பது நிமிடம் ஆனது.
படிவத்தில் அவன் ஆறு என்று எழுதினான்.
"காப்பீட்டுக்காரனுக்கு ஆறு பிடிக்கும், டெர்வ்லா."
மிச்ச மூன்று நிமிடம் யார் ரத்தம் என்று கேட்டேன்.
அன்றிலிருந்து எங்களுக்குள் மூன்றே சொல்:
வருது. விடு. நில்.

சொல் குறைந்தால் கண் வேலை செய்கிறது.
மரத்தூள் நிறத்தை வைத்தே
கிளைக்குள் எவ்வளவு அழுகல் என்று தெரிந்துவிடும்.
பத்து மணிக்குத் தூள் காப்பி நிறத்தில் விழுந்தது.
நில் என்று நான் வாய் திறக்குமுன்
கிளை பாதி வெட்டிலேயே பிளந்து திரும்பி
அவன் வலக்கையை அடிமரத்தோடு வைத்து அறைந்தது.
ரம்பம் தன் வாரில் ஆடி அணைந்தது.
நான்காவது சொல்லாக என் பெயர் வந்தது.

கையால் ஏறக்கூடாது. கை அவசரப்படும், முதலில் ஓய்ந்துபோகும்.
மிதி, எழும்பு, முடிச்சை மேலே தள்ளு.
மிதி, எழும்பு.
பாதியில் ஒருமுறை நின்றேன்,
அவன் தலைக்குமேல் முறிந்து தொங்குவது ஏதும் உண்டா என்று.
நிற்கும் அந்த மூச்சுதான் மிகக் கடினமானது,
அவன் முனகல் காதில் விழ விழ
அண்ணாந்து இலைகளைப் பார்ப்பது.

கீழே கோர்மக், தொலைபேசியோடு: "குறியீடு என்ன?"
குறியீடு என் உள்ளங்கையில்,
உள்ளங்கை முப்பதடி உயரத்தில்.
ஒவ்வோர் எழுத்தாய்க் கத்தினேன்.

பட்டையை முறுக்கி இறுக்கினேன். கெட்ட வார்த்தை சொன்னான்.
நல்லது, பேசுகிறான்.
குட்டைக் கயிற்றால் அவன் இடுப்பை என் இடுப்போடு கோத்தேன்.
சண்டைக்காரனை இதைவிட நெருக்கமாய்ப் பிடிக்க முடியாது:
தாடியில் தூள், டீசல், காலையில் தின்ற வெங்காய சிப்ஸ்.
அவன் முடிச்சை நான் தளர்த்த
அவன் கனமெல்லாம் என் முடிச்சுக்கு மாறியது.
கவை ஒருமுறை முனகியது. நாங்கள் இருவரும் கேட்டோம்.
"பொம்மையைவிடக் கனம் நீ."
"பொம்மை ஆறு நிமிடத்தில் இறங்கிவிட்டதே" என்றான், கண்மூடி.

பதினான்கு நிமிடம். கோர்மக் மணி பார்த்திருந்தான்.
ஆம்புலன்சே போதுமாயிருந்தது,
கழுதை தன் புல்லை மேய்ந்தது.

இரண்டு வாரம் கழித்துக் கட்டோடு வந்தான்.
இடக்கையால் கோணலாய்ப் பதினான்கு என்று எழுதினான்.
போன மாதத்து ஆறைத் தொடவில்லை.
நான் அடித்தேன். பார்த்துக்கொண்டு நின்றான்.
புதுப் பட்டை ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், பில் அவன் பெயரில்;
அதற்கும் முணுமுணுக்கிறான்.

இப்போது வேலைக்குப் போகுமுன்
கோர்மக்கின் உள்ளங்கையிலும் எழுதுகிறேன்.
கூசுகிறது என்று
கையை இழுத்துக்கொள்கிறான்.